பயிற்சியும் பழியும்

மருத்துவம் பயிலும் மாணவன் முதலில் உயிரற்ற உடலை அறுத்துப் பழகுகின்றான். சட்டம் பயில்வோர்க்கு மாதிரி நீதிமன்றம் உண்டு. அங்கே வழக்கில் தோற்றாலும் எவரும் சிறை புகுவதில்லை. இதழியல் பயில்வோர்க்கு இத்தகைய காப்பு ஏதும் இல்லை. எழுதிய செய்தி அச்சேறாதவரை அது வெறும் பயிற்சிக் கட்டுரை. அச்சேறிய மறுகணமே அது ஒருவருடைய பெயர், ஒருவருடைய மானம். பல்லாண்டுகள் நாளேட்டில் நிருபராக உழைத்துவிட்டுப் பல்கலைக்கழக வகுப்பறையில் ஆசிரியராக நுழைபவர் எதிர்கொள்ளும் முதல் அறச்சிக்கல் இதுவே எனலாம்.

இச்சிக்கலை ஒதுக்காமல் நேர்நின்று சந்தித்தவர் வால்டர் வில்லியம்ஸ். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1864இல் பிறந்த அவர், அச்சகத்தில் தொழில் பழகும் சிறுவனாகத் தொடங்கிச் செய்தியேட்டின் ஆசிரியராக உயர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். அவரே 1908இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் இதழியல் கல்லூரிக்கு முதல்வரானார். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்துக்கே தலைவருமானார். செய்தித் தொழிலைச் செய்திக்கூடத்தில் கற்கலாமேயன்றிக் கல்லூரியில் கற்க இயலாது என்று அக்காலப் பத்திரிகையாளர் பலர் எண்ணினர். வில்லியம்ஸ் அவர்களுக்கு அளித்த விடை வாதமன்று, ஓர் ஏடு. வகுப்புகள் தொடங்கிய 1908 செப்டம்பர் 14ஆம் நாளிலேயே மாணவர் எழுதிய செய்தித்தாளும் வெளிவந்தது. அஃது ஆண்டுக்கொருமுறை வரும் கல்லூரி மலர் போன்றதன்று. ஊர்ச் செய்திகளை ஊர்மக்களுக்கே விற்ற மெய்யான ஏடு அது. ஆசிரியர்கள் பதிப்பாசிரியர்களாக அமர்ந்து திருத்த, மாணவர்கள் தெருவில் இறங்கிச் செய்தி திரட்டினர்.

முறை சிறந்ததுதான். ஆயினும் அவ்வூர் மக்களின் நிலை யாது? பயிற்சிக்குத் தம்மைத் தருவதாக அவர்கள் யாரிடமும் ஒப்பவில்லையே! திருட்டு வழக்கில் சாட்சியாக வந்த கடைக்காரரை ஒரு மாணவன் குற்றவாளி என்று மாற்றி எழுதிவிட்டால், 'பிள்ளை இப்போதுதான் கற்கிறான்' என்னும் சமாதானம் அக்கடைக்காரருக்கு எவ்வகையில் ஈடாகும்? மறுநாள் வெளியாகும் திருத்தத்தை எத்தனை பேர் படிப்பர்? மறுபுறம், எழுதியது எதுவும் அச்சேறாமலே பட்டம் பெற்றுச் செல்பவன் அச்சத்தையே அறியாமல் செல்கின்றான். தன் எழுத்தால் ஒருவர் தலைகுனியக்கூடும் என்னும் அச்சம் இத்தொழிலில் பாதிக் கல்வி. ஆகவே மாணவனை எழுதவிடுவதும் கடமை. அவன் பிழையின் பழியைத் தாம் ஏற்பதும் ஆசிரியரின் கடமை. பின்னதை ஏற்க மனமில்லாதவர் முன்னதைச் செய்யத் தகுதியுடையவர் அல்லர்.

சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் கல்லூரிக்கு 2006இல் வீ கிம் வீயின் பெயர் சூட்டப்பட்டது. பின்னாளில் நாட்டின் அதிபரான அவர், 1930இல் நாளேட்டில் எழுத்தராகச் சேர்ந்து செய்தியாளரானவர்; 1966இல் ஜகார்த்தா சென்று சுகார்த்தோவைப் பேட்டி கண்டு எழுதியவர். அவரும் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். பட்டமில்லாதவரின் பெயரைத் தாங்கிய கல்லூரி பட்டம் வழங்குகிறதே என்று நகைப்பதற்கில்லை. களத்தில் விளைந்த அறிவைக் கல்விக்கூடம் மதிக்கிறது என்பதற்கு அது சான்று.

ஆனால் களத்தின் அறிவு என்பது எது? வகுப்பறைக்கு வரும் மூத்த செய்தியாளர்களுட் சிலர் தாம் கண்ட கலவரங்களையும் தாம் முந்தித் தந்த செய்திகளையும் கதை கதையாகச் சொல்வர். மாணவர்கள் அதனை விரும்பிக் கேட்பர். கேட்டவர்க்கு நேரம் இனிதே கழியும், அவ்வளவே.

கற்பிக்க வேண்டியது வேறு. 1980 செப்டம்பரில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளேட்டில் ஜேனட் குக் என்னும் செய்தியாளர், போதை மருந்துக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். நகரக் காவலர்கள் சிறுவனைத் தேடினர், கிடைக்கவில்லை. 1981 ஏப்ரலில் அக்கட்டுரைக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. அதன்பின் அவர் தம் கல்வித் தகுதி பற்றிக் கூறியிருந்தவை முரண்படவே, உசாவலில் உண்மை வெளிப்பட்டது: அப்படியொரு சிறுவனே இல்லை. பரிசு திருப்பியளிக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியைப் பொய்யுரைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் பலர். அதனினும் ஆழமான பாடம் அதில் உண்டு. 'அச்சிறுவனை மீட்க வேண்டாமா? அவன் வீடு எங்கே?' என்று செய்திக்கூடத்தில் ஒருவர் விடாப்பிடியாகக் கேட்டிருந்தால், பொய் அச்சேறுமுன்னரே உடைந்திருக்கும். அங்கே இரக்கம் குன்றியபோதே சரிபார்ப்பும் குன்றிற்று.

வாய்மைக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவர் அதனைத் தீங்கின்மையோடு பிணைத்து வைத்ததைத் தமிழாசிரியர்கள் ஆண்டுதோறும் கற்பிக்கின்றனர். செய்தியாளருக்கோ அவ்விலக்கணம் எளிதில் பொருந்துவதில்லை. ஊழல் புரிந்தவனைப் பற்றிய உண்மை அவனுக்குத் தீங்கே. எவர்க்குத் தீங்கு, எவர்க்கு நன்மை என்று நாள்தோறும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நிறுவையைப் பாடநூல் தராது.

சாலை விபத்தில் இளைஞன் ஒருவன் இறந்தான். அவன் குடித்திருந்தான் என்று காவல்துறை கூறுகிறது. மாணவி அதனை முதல் வரியிலேயே எழுதிவிட்டாள் என்று கொள்வோம். செய்தி உண்மை. அவன் வண்டி மோதி வேறொருவரும் இறந்திருந்தால் அவ்வரி கட்டாயம் வேண்டும். மரத்தில் மோதித் தனியே மாண்டிருந்தால்? பிழைதிருத்தும் சிவப்பு மையை ஆசிரியர் உடனே எடுப்பதில்லை. "இதை அவன் தாய் நாளை படிப்பாள். அவளிடம் பேசினாயா அம்மா?" என்று மட்டும் வினவுகின்றார். ஏடு அச்சுக்குச் செல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மாணவி தொலைபேசியை எடுக்கின்றாள்.