மறுபடியும் வானேறுகிறவர்கள்



தாம்பரம் விமானப்படைத் தளத்தை அறியாதவர் நம்மில் எவருமிலர். பறக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியொன்று அங்கே உண்டு. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் நம்மூருக்கு வந்தது. நன்றாய்ப் பறக்கத் தெரிந்தவனே அதில் சேருகிறான். சேர்ந்தபின், விசையைப் பிறன் கையில் விட்டுவிட்டுப் பக்கத்தில் பொறுமையாய் உட்காரக் கற்றுக்கொள்கிறான். எது கடினமென்று பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

பல வருஷம் பறவாதிருந்து, மறுபடி அத்தொழிலுக்குத் திரும்புகிறவர்களை இவ்வாரம் நினைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 17-ந் தேதி ஜெட் ஏர்வேஸ் கம்பெனி தன் கடைசி விமானத்தை அனுப்பிவிட்டு நின்றுபோயிற்று. மறுவருஷம் மார்ச்சு 25 முதல் மே 25 வரை, கொரோனா நோயினால் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் ஓடவில்லை. பிழைப்பிழந்த விமானிகள் பலர். பிள்ளைப்பேற்றுக்காகவும், படுக்கையிலிருந்த தாய்தந்தையருக்காகவும் விலகினவர்களும் உண்டு.

இவர்கள் திரும்புவது எளிதல்ல. கடந்த 90 நாளில் மூன்று முறையாவது ஏறி இறங்காதவன் பயணிகளைச் சுமந்து பறக்கலாகாதென்பது விதி. வருஷங்கள் கடந்தாலோ, வைத்தியப் பரிசோதனை, பரீட்சை, தரையிலேயே நிற்கும் மாதிரி விமான அறையில் பயிற்சி எல்லாம் வேண்டும். முன்னே தலைமை விமானியாயிருந்தவன், தன்னிலும் இளையவனுக்குத் துணைவனாய் வலப்பக்கத்து ஆசனத்தில் உட்காரவும் நேரிடும். இது அவமானமல்ல. அவன் முதுகுக்குப் பின்னால் நூற்றைம்பது உயிர்கள் இருக்கின்றன.

அர்ச். மாற்கு நமக்குத் தெரிந்தவரே. அர்ச். சின்னப்பரோடும் பர்னபாஸோடும் வேதம் போதிக்கப் புறப்பட்ட அவர், பெர்கே பட்டணத்தில் அவர்களை விட்டு ஜெருசலேமுக்குத் திரும்பிவிட்டார். ஏனென்று வேதாகமம் சொல்லவில்லை. பயமோ, தாய் வீட்டு நினைவோ, நாமும் துருவ வேண்டாம். அடுத்த பயணத்துக்கு அவரைக் கூட்டிப்போகலாமென்றார் பர்னபாஸ். கூடவே கூடாதென்றார் சின்னப்பர். பாதிவழியில் விட்டவனை நம்பி நெடுந்தூரம் போவதெப்படி? அவர் கேட்டதிலும் நியாயமுண்டு. வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள்.

பர்னபாஸ் என்ன செய்தார்? தம் சொந்த நாடாகிய சைப்ரஸ் தீவுக்கு மாற்குவை அழைத்துப்போனார். முதற் பயணத்தில் அவர்கள் மிதித்த மண் அது. பழகின இடத்தில், பழகின மனிதன் பக்கத்தில் தொழிலை மறுபடி தொடங்கவைத்தார். வருஷங்கள் கழித்து, சிறையிலிருந்து திமோத்தேயுவுக்கு நிருபம் எழுதிய சின்னப்பர், மாற்குவை உடன் அழைத்துவரும்படி கேட்டார். அவர் தமக்கு உபயோகமானவரென்றும் எழுதினார்.

குடும்பத்தாரே, திரும்புகிறவனுக்கு வீட்டிலே ஒரு பர்னபாஸ் வேண்டும். கடன் வாங்கிப் படித்த படிப்பென்று காலைதோறும் கணக்குச் சொல்லாதீர்கள். கம்பெனியிலிருந்து கடிதம் வந்ததாவென்று சாப்பாட்டு வேளையில் கேளாதீர்கள். தாயானவள் பறக்கத் திரும்பினால், பிள்ளையை யார் பார்ப்பதென்று ஊர்ப் பெண்கள் கேட்குமுன், கணவனே பார்த்துக்கொள்ளட்டும்.

பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பர் 1920-ல் லொரேட்டோ மாதாவை விமானிகளுக்குப் பாதுகாவலியாக அறிவித்தார். டிசம்பர் 10-ந் தேதி அத்தாயின் திருநாள். அன்றிரவு வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது, சீருடையைப் பெட்டியில் மடித்துவைத்துக் காத்திருக்கிறவர்களுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் கூட்டிச் சொல்லுங்கள்.