சக்கரம் பூட்டிய வீடு



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மாள் தம் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்கள். பலகை அடித்த சுவர், சாய்ந்த கூரை, இரண்டு சன்னல், வாசலில் ஒரு பூந்தொட்டி. கீழே பார்த்தால் சக்கரங்கள்! அமெரிக்காவில் வேலையாயிருக்கும் மகனும் மருமகளும் வாடகை வீட்டை விட்டுவிட்டு இப்படி ஒன்றில் குடியேற யோசிக்கிறார்களாம். "இதுக்காகவா சாமி நகையை அடகு வச்சுப் படிக்க வச்சோம்? வண்டியிலே குடியிருக்கான்னு சொந்தக்காரங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்று கண் கலங்கினார்கள். ஏதோ சொல்லித் தேற்றி அனுப்பினேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. சிறிய வீட்டில் வாழ்வது புண்ணியமா, வீம்பா, அல்லது வெறும் சிக்கனமா?

முதலில் அந்த வீடு இன்னதென்று பார்ப்போம். அமெரிக்கச் சாலைகளில் தனி அனுமதியின்றி இழுத்துச் செல்ல வேண்டுமானால் வண்டியின் அகலம் எட்டரை அடிக்கு மேற்படக் கூடாது. உயரமும் பெரும்பாலான மாநிலங்களில் பதின்மூன்றரை அடியோடு நிற்க வேண்டும். நீளம் இருபத்துநான்கு அடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 200 சதுர அடி. அதற்குள்ளேயே அடுப்படி, குளியலறை, உட்காரும் இடம் எல்லாம் அடங்க வேண்டும். படுக்கை பரண்மேல், ஏணி வைத்து ஏற வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். அந்நாட்டில் புதிதாய்க் கட்டப்படும் தனி வீட்டின் சராசரிப் பரப்பு 1973-இல் சுமார் 1,660 சதுர அடி. 2015-இல் அது 2,600-ஐத் தாண்டிவிட்டது. குடும்பமோ அதே காலத்தில் சிறுத்துக்கொண்டே வந்தது. ஆள் குறையக் குறைய அறை கூடிற்று. முப்பது வருஷக் கடனில் வாங்கிய அந்த வீடுகளை, 2007-க்குப் பின் வந்த பொருளாதார நெருக்கடியில் இலட்சக்கணக்கானோர் இழந்தார்கள். அதைக் கண்ணால் கண்ட இளைஞர்கள் கடனில்லாத சிறு கூரை போதும் என்று நினைத்தால் அதைப் பைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன். பெருக்கித் துடைக்க அரை மணி நேரம். குளிர்காலத்தில் சூடேற்றும் செலவு சொற்பம். வாங்கிக் குவிக்க இடமில்லாததால் ஆசைக்கும் ஒரு வரம்பு. இவையெல்லாம் மெய்யான நன்மைகள். பல அறைகள் உள்ள குருமனையில் தனியாளாக வசித்துக்கொண்டு இதைப் புகழ்வதற்கு எனக்கே சற்றுக் கூச்சமாய்த்தான் இருக்கிறது.

சங்கடங்களும் சிறியவையல்ல. சமையல் ஆவியும் இருவர் மூச்சும் வெளியேற வழியின்றிச் சன்னலில் நீராய் வழியும். கவனியாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கழிவு மக்கும் பெட்டியை அவர்களே சுமந்து கொட்ட வேண்டும். கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழ ஓர் அறை கிடையாது. (இது நன்மையில் சேர்ந்ததா தீமையில் சேர்ந்ததா என்பதை மணமானவர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.) மண்ணின் விலை ஏறும், வண்டியின் விலையோ வருஷாவருஷம் இறங்கும்.

ஆனால் உண்மையான சிக்கல் சக்கரத்தில் இருக்கிறது. சக்கரம் ஊர் சுற்றவே என்று நாம் எண்ணுவோம். அப்படியல்ல. பல டன் எடையுள்ள அதை இழுக்கப் பெரிய வாகனம் வேண்டும். பலர் ஆண்டுக்கணக்கில் நகர்த்துவதேயில்லை. பல ஊர்களில் வீடு இத்தனை சதுர அடிக்குக் குறையக் கூடாதென்று விதி உண்டு. 1999-இல் அயோவா மாநிலத்தில் ஜே ஷேஃபர் என்பவர் சுமார் 100 சதுர அடியில் வீடு கட்டியபோது, அந்த விதிக்குத் தப்பவே அதைச் சக்கரத்தின்மேல் ஏற்றினார். இப்போது அது கட்டடமல்ல, வண்டி. நல்லது, ஆனால் வண்டியில் நிரந்தரமாய்க் குடியிருக்கக் கூடாதென்று வேறொரு விதி குறுக்கே நிற்கிறதே! 2018-ஆம் ஆண்டுக் கட்டட விதித்தொகுப்பு 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கென்று ஒரு பிற்சேர்க்கை தந்தது. அதுவும் அஸ்திவாரம் போட்ட வீட்டுக்கே உதவும். ஆகவே சக்கரத்தின்மேல் இருப்பவர் எங்கே போய் நிற்பார்? யாராவது தம் நிலத்தில் இடம் தந்தால்தான் உண்டு.

எளிமையைப் பேசும் புத்தகங்கள் எல்லாம் கொண்டாடும் தோரோ என்ற அறிஞர், 1845-இல் வால்டன் ஏரிக்கரையில் பத்தடிக்குப் பதினைந்தடியில் குடில் கட்டினார். செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று கணக்கும் எழுதிவைத்தார். அந்தக் கணக்கில் நிலத்தின் விலை இல்லை. நிலம் அவருடைய நண்பர் எமர்சனுடையது. தனிமையைத் தேடிப் போன அந்த மனிதர் மூன்று நாற்காலிகள் வைத்திருந்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. நம் காலத்தில் டீ வில்லியம்ஸ் என்ற பெண்மணி இருதய நோய் கண்ட பிறகு, தம் பெரிய வீட்டை விற்றுவிட்டு, 2004-இல் சுமார் 10,000 டாலரில் 84 சதுர அடி வீட்டைத் தம் கையாலேயே கட்டினார். அதை நிறுத்தியது வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில், நண்பர்கள் வீட்டுக் கொல்லையில். அங்கேயிருந்த ஒரு முதியவளுக்கு அவர் ஒத்தாசையாகவும் இருந்தார். சுதந்திரமாய் வாழ்கிறேன் என்று புறப்படுகிறவர் முன்னைவிட அதிகமாய் அயலாரை நம்பி வாழ வேண்டியதாகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வாழ்வில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. ஒற்றை அறையில் ஐந்து பேர் நெருக்கிப் படுக்கும் குடும்பங்கள் நம் பங்கிலேயே உண்டு. அவர்களை யாரும் படம் பிடித்துப் பத்திரிகையில் போடுவதில்லை. வேண்டாமென்று விடுகிறவனும் கிடைக்காமல் தவிக்கிறவனும் ஒரே அளவான அறையில் இருந்தாலும் ஒரே நிலையில் இல்லை. முன்னவனுக்குத் திரும்பிப் போக வழி உண்டு. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், ஒரு கத்தோலிக்கப் பங்கின் விசுவாசிகள் 1998-இல் தெருவில் இருப்போருக்கு உணவு கொடுக்கத் தொடங்கிய முயற்சி பிற்பாடு ஒரு கிராமமாகவே வளர்ந்தது. நெடுங்காலம் வீடின்றித் தெருவில் கிடந்தவர்கள் அங்கே சக்கர வீடுகளிலும் சிறு குடில்களிலும் வாடகை கொடுத்தே வசிக்கிறார்கள். சமையலறையும் குளியலறையும் குடில்காரர்களுக்குப் பொது. ஆனால் குடிலின் முன்னால் திண்ணை உண்டு. போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசலாம். அளவில் அதுவும் சிறிய வீடுதான். நிற்பதற்கு நிலம் கொடுத்தார்கள், அங்கேதான் வேற்றுமை.

முதுபிதாவாகிய ஆபிரகாமுக்குக் கல்வீடு இல்லை, கூடாரந்தான். நண்பகல் வெயிலில் மூன்று பேர் வந்தபோது அவர் இடமில்லையென்று சொல்லவில்லை. மரநிழல் இருந்தது, அங்கே உட்காரவைத்தார்.

இவ்வளவும் யோசித்தபின் புதன்கிழமை அந்த அம்மாளைக் கூப்பிட்டனுப்பினேன். "மகனைத் தடுக்காதீர்கள் அம்மா. கௌரவம் பார்த்து அழவும் வேண்டாம். இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். வண்டியை யாருடைய நிலத்தில், எத்தனை நாளைக்கு நிறுத்தப்போகிறீர்கள்? நான் வந்தால் எங்கே படுப்பேன்?" என்றேன். ஏணி ஏற அவர்களுக்கு முழங்கால் வலி. அன்றிரவே கேட்டுவிட்டார்களாம். முதல் கேள்விக்கு, கூட வேலை செய்கிற ஒருவருடைய தோட்டம் என்று பதில் வந்திருக்கிறது. இரண்டாவதற்கு, படத்தை மறுபடி வரைந்துகொண்டிருப்பதாக மருமகள் சொன்னாளாம்.