நீருக்கும் ஒரு துவையல்

அய்யா உண்டு.



சாமிதோப்புப் பதிக்கு வருகிற அன்பர்கள் முதலில் போய் நிற்கும் இடம் முத்திரிக்கிணறு. அங்கே பதமிட்டுக் குளித்து, உடுத்திய துணியின் ஈரம் காயுமுன் பதிக்கு நடந்து, தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு அய்யாவை வணங்குவது வழக்கம். கிணறு முந்தி, பதி பிந்தி. இந்த வரிசையை அய்யா ஏன் வைத்தார் என்று ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் சிந்திக்க வேண்டும்.

அய்யா வைகுண்டர் வாழ்ந்த காலத்தில் திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக்கிணற்றில் தண்ணீர் கோர முடியாது. பொதுக்குளத்தில் இறங்க முடியாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கவும் பெண்களுக்குத் தடை இருந்தது. அப்படிப்பட்ட நாளில் அய்யா ஒரு கிணற்றை உண்டாக்கி, எல்லாச் சாதியாரையும் ஒரே தண்ணீரில் குளிக்க வைத்தார். அரண்மனை கிணறுகளைத் திறந்துவிடட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நோயென்று வந்தவர்களுக்கு அவர் கொடுத்த மருந்து தண்ணீரும் திருமண்ணும்தான்.

அய்யா வைகுண்டம் எழுந்தருளியது 1851-ல். அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1854-ல், லண்டன் மாநகரில் காலரா பரவியது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் நோய் கண்ட வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். ஒரே ஒரு தெருக்குழாயைச் சுற்றியே சாவு குவிந்திருந்தது. அந்தத் தண்ணீரில் கழிவு கலந்திருந்தது. காற்றால் வரும் நோய் என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. காலரா தண்ணீரால் வருகிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். தண்ணீரே மருந்து, அது கெட்டுவிட்டால் அதுவே நோய். டைபாய்டும் மஞ்சள்காமாலையும் வயிற்றுப்போக்கும் இன்றைக்கும் அந்த வழியில்தான் வருகின்றன.

அடுத்து துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். வாகைப்பதிக் கடற்கரையில் 700 குடும்பத்தார், ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகத் தங்கி, நாளுக்கு மும்முறை குளித்து, மும்முறை துணி துவைத்துத் தவமிருந்தார்கள். தீண்டாதே என்று விரட்டப்பட்டவர்கள், தங்கள் உடலும் உடையும் உள்ளமும் எவருக்கும் குறைந்ததல்ல என்று உலகுக்குக் காட்டினார்கள். அவர்கள் துவைத்தது உழைப்பால். இன்றுள்ள ரசாயனப் பொடியும் நுரையும் அன்று கிடையாது. அவர்கள் அழுக்கைப் போக்கினார்கள், கடலைக் கெடுக்கவில்லை.

இன்று அன்பர்கள் செய்யும் துவையல் எப்படி இருக்கிறது? துணி வெளுக்கிறது, குளம் கறுக்கிறது. வீடு சுத்தமாகிறது, வீட்டுக்கு வெளியே ஓடை நாறுகிறது. தன்னைச் சுத்தப்படுத்திய அழுக்கை அடுத்தவன் வாசலில் விட்டால் அது துவையல் ஆகாது. அழுக்கு போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்ந்து, நாகர்கோவில் பக்கமாக ஓடி, சுசீந்திரம் கடந்து, மணக்குடியில் கடல் சேர்கிறது. போகிற வழியெல்லாம் நகரத்துச் சாக்கடை அதில் விழுகிறது. குளங்களும் தனித்தனி அல்ல. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். தண்ணீர் போகிற வழியில் அழுக்கும் போகும். சுசீந்திரம், தேரூர் குளங்கள் பறவைகள் வந்து தங்கும் இடம் என்று 2022-ல் ராம்சார் என்ற உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பெருமையைக் காப்பது அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது.

சோப்புத்தூளும் சாக்கடையும் குளத்தில் சேர்ந்தால் அவை ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. அது வளர்ந்து குளத்தை மூடும். வெயில் உள்ளே இறங்காது. இலைகள் அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு குறைந்து மீன் செத்து மிதக்கும். கொசு பெருகும். ஊரில் வசதி உள்ளவர் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வார். வாங்க வழியில்லாதவர் அந்தத் தண்ணீரிலேயே குளித்து, அதிலேயே பாத்திரம் கழுவுவார். அன்று சாதி என்று சொல்லி ஏழையைக் கிணற்றிலிருந்து விலக்கினார்கள். இன்று அழுக்கு அவரை விலக்குகிறது. கலி வேடம் மாறி வந்திருக்கிறான், வேலை பழைய வேலைதான்.

ஒரு தாங்கலில் அன்னதர்மம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேர் உண்டு வாழ்த்திப் போகிறார்கள். பின்புறத்தில் அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, அண்டா கழுவிய எண்ணெய்த் தண்ணீர் எல்லாம் சந்து வழியாக ஓடித் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும் ஒரு குடிசை வாசலில் தேங்குகிறது. அந்த வீட்டுக் குழந்தைக்கு அடுத்த வாரம் காய்ச்சல். முன்வாசலில் தர்மம் நடந்த அதே நாளில் பின்வாசலில் என்ன நடந்தது? அந்தக் குடிசைக்காரர் வந்து சண்டை போடமாட்டார். அய்யாவின் இடம் என்று பேசாமல் இருப்பார். அவர் பேசாமல் இருக்கிறார் என்பதற்காக அந்தக் கணக்கு தீர்ந்துபோகாது.

அந்தக் காலத்து வீடுகளில் அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்குப் போனது. குளித்த தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போனது. ஒரு சொட்டும் வீணில்லை. அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவது கடினமல்ல. ஓர் ஆள் குளிக்க இரண்டு வாளி, வாளிக்கு 15 லிட்டர் என்றால், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளுக்கு 150 லிட்டர் தண்ணீர் தோட்டத்துக்குக் கிடைக்கும்.

அன்பர்கள் வீட்டிலும் தாங்கலிலும் செய்ய வேண்டியவை இவை. குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் கழிப்பறைத் தண்ணீரோடு சேர்க்காமல் தனியாக விட வேண்டும். சோறும் எண்ணெயும் தண்ணீரில் போகாதபடி முதலில் துடைத்தெடுத்து, பிறகு கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரைச் சல்லியும் மணலும் போட்ட ஒரு சிறு தொட்டி வழியாக விட்டு, வாழை, கல்வாழை, தென்னை மூட்டுக்குப் பாய்ச்சலாம். சேர்த்து வைத்தால் நாறும், அன்றன்றே விட்டுவிட வேண்டும். பச்சையாகத் தின்னும் கீரை, மல்லிக்கு இதை ஊற்றக் கூடாது. சோப்புத்தூளை அளவோடு போட வேண்டும். தோட்டம் இல்லாத வீட்டுக்கு ஓர் உறிஞ்சுகுழி போதும்.

கழிப்பறைத் தொட்டியைக் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்ட வேண்டும். கடற்கரை மணலில் கழிவு வேகமாக இறங்கும் என்பதால் அங்கே இன்னும் தள்ளிக் கட்ட வேண்டும். தொட்டியை உறிஞ்ச லாரி வந்தால், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இரவில் ஏதோ ஓர் ஓடையில் கொட்டப்பட்டால் அந்தப் பாவத்தில் காசு கொடுத்தவருக்கும் பங்கு உண்டு. திருநாளுக்கு வருகிறவர்கள் குளிக்கும் இடத்தில் ஷாம்பு பாக்கெட்டையும் பழைய துணியையும் விட்டுப் போகாமல் இருப்பதும் ஒரு பணிவிடைதான்.

கழிவுநீர் எதற்கும் உதவாது என்று எண்ண வேண்டாம். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு நிலையமும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கொடுக்கும் அளவில் கட்டப்பட்டது. அவ்வளவு நல்ல தண்ணீர் மக்கள் குடிக்க மிஞ்சுகிறது. சுத்திகரிக்காமல் விடும் கழிவுநீரை 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகள் ஐக்கிய நாடுகள் சபையில் 2015-ல் உறுதி எடுத்தன.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்று சிலர் சொல்வார்கள். நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரிப்பது அரசின் கடமைதான். அதை ஊர் கூடி, மனு எழுதி, பொறுமையாகக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் தாங்கலின் பின்வாசலில் ஓடும் தண்ணீருக்கு மனு எழுதத் தேவையில்லை. ஒரு மண்வெட்டியும் நான்கு அன்பர்களும் போதும். மற்றவர் திறந்துவிடட்டும் என்று அய்யா காத்திருந்தால் முத்திரிக்கிணறே இருந்திருக்காது.

அதனால் அன்பர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும், அவரவர் தாங்கலின் பின்புறம் போய் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். அது யார் வாசலில் நிற்கிறதோ, அந்த வாசலிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். உடலைத் துவைத்தவர்கள், உடையைத் துவைத்தவர்கள், இனி தண்ணீரையும் துவைத்து அனுப்பட்டும். முத்திரிக்கிணற்றில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர் கொடுத்த அய்யா, அந்தப் பணிவிடையை ஏற்றுக்கொள்வார்.

அய்யா உண்டு.