வண்டல் உங்கள் காலடியில் கிடக்கிறது

சுவாமிமலைக் கோயிலுக்குப் படிகள் அறுபது. தமிழ் வருடங்கள் அறுபதும் அந்தப் படிகளுக்குப் பெயர். ஏறி மேலே போனால் நிற்பவன் யார்? அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை, முருகன். சிவபெருமான் வாய்பொத்தி நின்று மகனிடம் பிரணவப் பொருள் கேட்ட ஊர் இது. இந்த ஊரிலும் இதைச் சுற்றிய வயல்காட்டுக் கிராமங்களிலும் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு நடத்துகிற டீச்சர்களே, சார்களே! "இந்த நெட்டு, ஆப்பு எல்லாம் நமக்கு வராதுங்க" என்று இனி ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சிவனுக்கு வராத இழிவு உங்களுக்கா வந்துவிடும்?

கோயில் படி இறங்கி, சிலை வார்க்கும் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். ஸ்தபதி தென்னையோலை நறுக்கை மடித்து அளவு குறிக்கிறார். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உரு பிடிக்கிறார். அதன்மேல் பூசுகிறாரே ஒரு மண், அது காவிரி கொண்டுவந்த வண்டல். மாவைப் போல நைசான மண். விரல் நகத்தின் கோடுவரை அப்படியே பதியும். நிழலில் உலர்த்தி, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார். ஆறியதும் அச்சை உடைத்துவிடுவார். அடுத்த சிலைக்கு அடுத்த அச்சு. ஆற்றங்கரை நெடுக வண்டல் கிடக்கிறது. ஆனால் நடராசர் எழுவது ஸ்தபதியின் கையில்தான்.

இணையமும் அப்படித்தான் கிடக்கிறது. உங்கள் கைக்காகக் காத்துக் கிடக்கிறது!

பாடப்புத்தகத்தைத் திறங்கள். பாடத்தின் ஓரத்தில் கட்டம் கட்டமாக அச்சிட்டிருக்கிறதே கியூஆர் கோடு, எத்தனை பேர் அதை ஒருமுறையாவது போனில் காட்டிப் பார்த்தோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். திக்‌ஷா செயலியில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் சிக்னல் இல்லாவிட்டாலும் பாடம் ஓடும். கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் இருக்கிறது. பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் தளத்துக்குப் போங்கள். தீக்குச்சியும் பழைய செய்தித்தாளும் காலி பாட்டிலும் போதும், ஒரு வருடத்துக்கு விளையாட்டுப் பொருள் செய்யலாம். தமிழிலும் படங்கள் இருக்கின்றன.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய தளம் அது. படக்கதைகள், தமிழில், வாசிப்புத் திறனுக்கேற்ற நிலை பிரித்து, இலவசமாக. இறக்கலாம், அச்சடிக்கலாம், மாற்றி எழுதலாம். அனுமதி கேட்க வேண்டாம். எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் மறக்காமல் போடுங்கள். மாற்றி எழுதலாம் என்கிற அந்த ஒரு உரிமை இருக்கிறதே, அதுதான் வண்டல்! பனிமலையும் ஆப்பிள் தோட்டமும் நம் பிள்ளைக்கு எதற்கு முதல் வாசிப்பில்? நாற்றங்கால், வரப்பு, வைக்கோல்போர், குறுவை நடவுக்குப் போன அம்மா: இவற்றை வைத்து எட்டுப் பக்கம் எழுதுங்கள். அந்த அம்மாவிடமே நடவுப் பாட்டு பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் வகுப்பில் தன் அம்மாவின் குரல் கேட்கும்போது அந்தக் குழந்தையின் முதுகு நிமிர்வதைப் பாருங்கள்.

"ரெண்டே டீச்சர், ஒரே ரூமில் மூணு கிளாஸ், இதில் எங்கே நேரம்?" உண்மைதான். அந்தப் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமே உங்களைப் போன்ற வகுப்பை மனத்தில் வைத்துத்தானே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது? வகுப்பு எண்ணைப் பார்க்காதே, பிள்ளை நிற்கும் இடத்தைப் பார் என்றுதானே சொல்கிறது? அரும்புக் கூட்டம் ஒரு மூலையில் எழுத்தட்டை அடுக்கட்டும். மலர்க் கூட்டம் கதை வாசிக்கட்டும். நீங்கள் மொட்டுகளுக்கு நடுவில் உட்காருங்கள். காணொளி பத்து நிமிடம் போதும். அதையும் முதல்நாள் ராத்திரி நீங்கள் முழுவதும் பார்த்திருக்க வேண்டும். திரையைப் போட்டுவிட்டு நகர்ந்து போவது பாடம் நடத்துவதாகாது. "இப்ப என்ன நடந்துச்சு? அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள். எந்தச் செயலியாலும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

ஐந்து வயதில் ஒரு பிள்ளை மெழுகு. உங்கள் விரல் பட்ட இடமெல்லாம் பதியும். எட்டு வயதுக்குள் எழுத்துக்கூட்டி வாசிக்காத பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தலைகுனிவைத் தடுக்க ஊரில் உங்களை விட்டால் வேறு யார்?

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் எனக்குக் கொடுங்கள். ஒரே ஒரு கதையை இறக்குங்கள். அதில் வரும் ஊரின் பெயரை அழித்து உங்கள் ஊரின் பெயரைப் போடுங்கள். நாளைக் காலை முதல் மணி அடித்ததும், உங்கள் வகுப்பில் இன்னும் வாசிக்க வராத அந்த ஒரு பிள்ளையை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குங்கள்.