பின் வருவோர்க்கு உரைக்குங் கடன்

ஒருவன் செய்த வினை அவன் வாழ்நாளோடு ஒழிவதன்று என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. செய்யுங்கால் ஆகாமியமாய் ஏறுவது, பக்குவப்படுங்காறும் சஞ்சிதமாய்க் கிடந்து, பின்னர்ப் பிராரத்தமாய் வந்து நுகர்ச்சியைத் தரும். இடையே எத்துணைக் காலம் கழியினும், திருவருளால் நீக்கப்பட்டாலன்றி, அது தன் பயனைத் தாராது மாயாது. அவ்வினையை இதம் அகிதம் என இரண்டாகப் பகுத்து, உயிர்கட்கு நலஞ்செய்தல் நல்வினை எனவும் தீங்கு செய்தல் தீவினை எனவும் நூல்கள் கூறும். அவ்வுயிர்கள் செய்வோன் கண்முன் நிற்பனவாதல் வேண்டும் என்று அவை வரையறுத்தில.

அற்றேல், ஒருவன் செயலால் துன்புறக்கூடியவர் பதினாயிரம் ஆண்டு கழித்துப் பிறக்கவிருப்பவராயின், அவர்மாட்டு அவனுக்குள்ள கடன் யாது? அக்கடனை இறுத்தற்குப் பொய்யையும் கருவியாகக் கொள்ளலாகுமோ? முன்னாளில் இவை வெறுங் கற்பனை வினாக்களாய்த் தோன்றியிருத்தல் கூடும். அணுவைப் பிளந்து ஆற்றலும் படைக்கலமும் ஆக்கிய இக்காலத்திலோ, அரசுகள் விடை கூறியே தீரவேண்டிய வினாக்களாய் இவை நிற்கின்றன.

அணுவுலைகளிலும் அணுப்படைக்கலத் தொழிற்சாலைகளிலும் எஞ்சுங் கழிவுகள் கதிரியக்கம் உடையன. அக்கதிர் கண்ணுக்குப் புலனாகாது; அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. அக்கழிவுகளுள் ஒன்றாகிய புளூட்டோனியம் 239 என்னும் பொருள் பாதியளவாகத் தேய்தற்கு ஏறக்குறைய 24,100 ஆண்டுகள் செல்லும். எரித்தாலும் கரைத்தாலும் அதன் கதிரியக்கம் ஒழியாது. ஆதலின் நிலத்தடியில் ஆழப் புதைத்தலே தக்கதென அறிஞர் பலர் முடிவு செய்தனர். அமெரிக்க நாட்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் நகருக்கு அணித்தாக, ஏறத்தாழ 2,150 அடி ஆழத்தில் உப்புப் பாறையைக் குடைந்து அத்தகைய இடம் ஒன்று அமைக்கப்பட்டது. படைக்கல ஆக்கத்தில் எஞ்சிய புளூட்டோனியக் கலப்புடைய கழிவு 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26-ஆம் நாள் முதன்முதலாக அங்கு வந்து சேர்ந்தது. அவ்வுப்பு ஏறக்குறைய இருபத்தைந்து கோடி ஆண்டுகட்கு முன் வற்றிய கடலின் எச்சம். சிறிது சிறிதாக நெகிழ்ந்து குடைவை மூடித் தன்னகத்துள்ள கழிவை இறுக்கிக்கொள்ளும் இயல்பினது.

இயற்கையால் வரும் இடர் இங்ஙனம் குறைக்கப்பட்டதாயினும், மனிதரால் வரும் இடர் அங்ஙனம் குறைந்ததன்று. அந்நிலத்தைச் சூழ எண்ணெயும் எரிவாயுவும் பொட்டாசு உப்பும் கிடைக்கின்றன. அவற்றை நாடித் துளையிடுவான் ஒருவன் அறியாமையால் அக்குடைவைத் துளைப்பானாயின், அடங்கிக் கிடந்த நஞ்சு மேலே வரும். காவலரை நிறுத்தினால் அமையாதோ எனின், அமையாது. மூடிய பின்னர் நூறு ஆண்டுகட்கு மேல் நேர்க்காவல் நிலைக்குமென்று கணக்கிற் கொள்ளலாகாது என அந்நாட்டு விதியே கூறுகின்றது. காக்க வேண்டிய காலமாக அது வகுத்ததோ பதினாயிரம் ஆண்டு. தன் காவல் நிலையாது என்பதை ஓர் அரசு தானே எழுதிவைத்தது அருமையான நிகழ்ச்சியன்றோ!

அறியாமை எத்துணை விரைவில் வந்து சூழும் என்பதற்குப் பதினாயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டுவதில்லை. பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில் மருத்துவ நிலையம் ஒன்று 1985-இல் வேறிடத்துக்குப் பெயர்ந்தபோது, சீசியம் 137 அடங்கிய மருத்துவப் பொறியொன்றைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச்சென்றது. ஈராண்டுகட்குப் பின், 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பழைய இரும்பு தேடிய இருவர் அதன் உறுப்பைப் பெயர்த்து விற்றனர். உள்ளிருந்த பொடி இருளில் நீலவொளி வீசக் கண்டு வியந்தோர் அதனை உறவினர்க்கும் நண்பர்க்கும் பகிர்ந்தளித்தனர். தம்மைச் சூழ்ந்தோர் ஒருங்கே நோயுறுதலை முதலில் ஓர்ந்தவர் பழைய இரும்பு வணிகரின் மனைவியார். அவர் அப்பொருளைப் பையிலிட்டு மருத்துவரிடம் கொண்டு சென்றார். அதனாலேயே உண்மை வெளிப்பட்டது. 249 பேர் மாசுற்றனர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவ்வம்மையாரும் உள்ளிட்ட நால்வர் சில வாரங்களுள் உயிர் துறந்தனர். அவருள் ஒருவரேனும் தீங்கு கருதினாரல்லர். அறியாமை ஒன்றே அவர் குற்றம். அவ்வறியாமையும், அறிந்தவர் அறிவியாது விட்டமையால் வந்ததன்றோ?

இனி, மறக்கப்படுதலே சிறந்த காப்பு என்பார் ஒருசாரார். அடையாளம் இட்டால் அவ்வடையாளமே ஆவலைத் தூண்டும். எகிப்திய மன்னரின் கல்லறைகள் பெரியனவாய் விளங்கினமையானன்றோ கள்வர் அவற்றை நாடினர் என்பர். பின்லாந்து நாட்டில் ஒல்கிலுவோட்டோ என்னுந் தீவின் பாறையில் 400 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் அமைந்த புதையிடத்தைக் கட்டுதற்கு 2015-இல் அரசு உரிமம் அளித்தது. மூடியபின் எவரும் காவாதிருப்பினும் தீங்கு நேராவண்ணம் அமைத்தலே அதன் கொள்கை. ஆழமும் பாறையும் வலிய காப்பென்பது மறுக்கற்பாலதன்று. எனினும், பாறையை நம்புதல் வேறு, மறதியை நம்புதல் வேறு. உயிர் தானே அறியுந் தன்மையதன்று. அறிவித்தால் அறிவது என்பது சித்தாந்தம். அறிவிக்கப்படாத உயிர் இருளில் நிற்பது. இருளில் நிற்பவனைக் காப்புற்றவன் என்றல் பொருந்தாது. கோயானியாவில் அப்பொறியை ஊரார் மறந்திருந்தனர். அம்மறதி அவர்க்குக் காப்பாயிற்றில்லை.

ஆகவே உரைத்தல் வேண்டும். எவ்வாறு உரைப்பது? மொழிகள் மாறுவன, எழுத்துக்கள் மறக்கப்படுவன. அசோக மன்னன் கல்லிற் பொறித்த பிராமி எழுத்தை இந்நாட்டிலேயே பல நூற்றாண்டுகள் ஒருவரும் படித்தறியாதிருந்தனர். 1837-இல் பிரின்செப் என்பார் அதனைப் படித்தறிந்தார். குறிகளும் இத்தன்மையனவே. கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ்க் குறி அதனைக் கல்லாதார்க்குப் பொருள் விளங்காதது கண்டு, பன்னாட்டு அணுவாற்றல் முகமை 2007-இல் மண்டையோடும் ஓடும் மனிதனும் அமைந்த புதுக்குறியொன்றை வெளியிட்டது. நியூ மெக்சிகோ இடத்தை மூடிய பின்னர், உயர்ந்த மண்மேடும் கருங்கற்றூண்களும் நிறுவி, ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு மொழிகளிலும் அவ்வட்டாரத்துத் தொல்குடியினரின் நவாகோ மொழியிலும் எச்சரிக்கை பொறிப்பதாகத் திட்டம் வகுக்கப்பட்டது.

இவ்வாராய்ச்சியின் தொடக்கத்திலே, 1984-இல், குறியியல் அறிஞராகிய தாமசு செபியோக்கு என்பார் வேறொரு வழியையும் கூறினார். அணுவியல் அறிஞர் முதலியோர் அடங்கிய ஒரு குழு, குருமார் மரபு போலத் தன்னைத்தானே தொடர்ந்து நிறுவிக்கொள்ளுதல் வேண்டும். உண்மை அக்குழுவின்பால் மறைவாக நிற்றல் வேண்டும். ஏனைய மக்கள் அவ்விடத்தை அணுகாதவாறு சடங்குகளையும் கட்டுக்கதைகளையும் ஆண்டுதோறும் பரப்புதல் வேண்டும் என்பது அவர் யோசனை. அதாவது, ஒரு பொய்ச் சமயத்தை வேண்டுமென்றே படைத்து, அதன் அச்சத்தை வேலியாக நிறுத்துதல். சமயத்தைப் பொருளெனக் கொண்டார் யாவரும் நின்று ஆராயற்பாலது இவ்விடமே.

இது கருணையால் எழுந்த பொய். உயிர் காக்கும் பொய். தீங்கு சிறிதும் கலவாத நலத்தைத் தருமாயின் பொய்யும் மெய்யின்பாற்படும் எனத் திருவள்ளுவனாரும் வாய்மை அதிகாரத்தில் இடங்கொடுத்தாரன்றோ எனின், கூறுதும். அவ்விடம் அவர் கொடுத்தது குற்றமற்ற நலம் என்னும் வரையறையோடேயாம். இப்பொய்க்கு அவ்வரையறை பொருந்தாமை மூவாற்றான் விளங்கும்.

முதலாவது, அச்சத்தால் நின்ற காப்பு அச்சம் நீங்கிய நாளில் வீழும். கட்டுக்கதையை நம்பாதான் ஒருவன் தோன்றி அதனைப் பொய்யெனக் கண்டானாயின், அதனுள் உண்மையாயிருந்த எச்சரிக்கையையும் அதனோடு சேர்த்தே தள்ளுவான். அறிவு மிக்கவனே அங்கு முதலில் தோண்டுவான்.

இரண்டாவது, பொய் கடனை இறுக்காது. உண்மையை உள்ளவாறு அறிந்த பின்னரும் ஒருவன் தோண்டுவானாயின், அவ்வினை அவனதாம். உரைத்தவன் தன் கடனை இறுத்தவனாவான். அமெரிக்க விதியும் அறியாது புகுதலையே தடுக்கக் கருதியது. அறிந்து புகுவானை அவன் பொறுப்பிலேயே விடுகின்றது. பொய்யுரை கேட்டவனோ, அப்பொய்யை மீறினும் உண்மையை மீறினவனல்லன்; தான் செய்வது இன்னதென்று அறியாதே செய்கின்றான். ஆகவே அவனும் பிறரும் எய்தும் துன்பத்தின் வினைப்பங்கு, மறைத்தவனை விட்டு நீங்காது. புதைத்தவன் தன் சுமையை இறக்கிவைத்தற்கு உண்மையுரையன்றி வேறு வழியில்லை.

மூன்றாவது, சமயம் உயிரை அறியாமையினின்று எடுத்தற்கு அமைந்தது. அறியாமையில் நிறுத்தற்கு அமைந்ததன்று. ஆசிரியன் மாணாக்கனுக்குத் தான் அறிந்ததை மறையாது வழங்குதலே அருள். சிலர் அறிந்து பலரை இருளில் வைக்குங் குழு குருமரபு என்னும் பெயர்க்கு உரியதன்று.

அற்றேல், எழுத்தும் அழியும், குறியும் மயங்கும், பொய்யும் ஆகாது. வழிதான் யாது எனின், அவ்வறிஞரின் அறிக்கையிலேயே வேறோரிடத்து அது கிடக்கின்றது. ஒவ்வொரு காலத்தாரும் தமக்கு முன்னோர் விட்ட செய்தியைத் தம் மொழியிற் புதுக்கித் தமக்குப் பின் வருவார்க்கு விடுத்தல் வேண்டும் என்பது அது. ஒருவன் பதினாயிரம் ஆண்டுக்குப் பேச வேண்டுவதில்லை. தன் மக்கட்கும் பேரர்க்கும் விளங்க உரைத்து, அவரும் அங்ஙனமே உரைக்குமாறு செய்தால் அமையும். இதன் உண்மை சைவ உலகிற்குப் புதிதன்று. தில்லையில் பூட்டிய அறையிற் கிடந்த தேவார ஏடுகளுட் பெரும்பகுதி செல்லரித்தொழிய, எஞ்சியவையே கிடைத்தன எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். அங்ஙனம் எஞ்சிய பதிகங்கள் இன்றளவும் நிலைபெற்றமை, ஓதுவார் வாய்தோறும் யாவரும் கேட்க ஓதப்பட்டமையானாம். பூட்டிவைத்த அறிவைச் செல் தின்னும். ஓதப்படும் அறிவு நிலைக்கும். பிரான்சு நாட்டில், 1969 முதல் 1994 வரை கழிவேற்ற மான்சு நிலையத்தின் ஆவணங்கள் நெடுநாள் நிற்குந் தாளில் அச்சிடப்பட்டு அந்நாட்டு ஆவணக் களரியிலும் வைக்கப்பட்டன. அவ்வட்டாரத்தாரும் அதன் நினைவைப் பேணுமாறு முயலுகின்றனர். இஃது ஓதுதலோடு ஒத்த முயற்சியாகும்.

இன்னும் ஒன்று உண்டு. பதினாயிரம் ஆண்டுக்குப் பின் வருவோர் இன்று இல்லாதவரல்லர். உயிர்கள் அநாதி, புதியனவாய்த் தோன்றுவன அல்ல. அன்று அந்நிலத்தில் உளி கொண்டு நிற்பவன் இன்றும் ஏதோவோர் உடம்பில் உள்ளான். இன்று புதைப்பவனே அன்று தோண்டுபவனாய் வருதலும் கூடும். உள்ளது சிதையாது என்னும் சற்காரிய நெறிப்படி, அன்று விளையுந் தீங்கும் இன்றைய காரணத்துள் அடங்கிக் கிடக்கின்றது. ஆயினும், தானே வந்து துன்புறுதல் கூடும் என்னும் அச்சத்தால் மட்டும் ஒருவன் உரைப்பானாயின் அது தன்னலமாய் முடியும். அவ்வுயிர்களும் இறைவன் உடைமையென்று கருதி உரைத்தலே அன்பின் செயல்.

அவ்வன்பு தொடங்கவேண்டிய இடம் எதிர்காலமன்று. தன் காலத்தாரிடத்து நஞ்சின் அளவையும் இடத்தையும் மறைப்பவன், பதினாயிரம் ஆண்டு கழித்து வருவானுக்கு மெய் உரைப்பான் என்று நம்புதற்கு இடமில்லை. கற்றூணில் எத்தனை மொழி பொறித்தாலும், புதையிடத்துக்கு அருகே இன்று உழுது வாழ்பவன் தன் நிலத்தடியில் உள்ளது யாதென்று அறியானாயின், அம்மரபு முதற்கண்ணியிலேயே அறுந்ததாகும். அவன் அறிந்தால் தன் மகற்கு உரைப்பான். மகன் தன் மகற்கு உரைப்பான். அறிந்தார் அறியாதார்க்கு மெய்யை மெய்யாக உரைத்தலினும் உறுதியான வேலி மண்மேட்டாலும் ஆகாது, மறதியாலும் ஆகாது, பொய்யாலும் ஆகாது என்பது தெளியப்படும்.

திருச்சிற்றம்பலம்