சாம்பிளோடு நீயும் போ

சாம்பிளைப் பொட்டலம் கட்டி வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புகிறாய். மின்னஞ்சலில் ஒரு ராமன் நிறமாலை வரைபடம் வருகிறது. அதை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிட்டு, "ராமன் கருவியெல்லாம் நமக்கு எட்டாது" என்கிறாய். எட்டாது என்று உனக்கு யார் சொன்னது?

1928 பிப்ரவரி 28, கல்கத்தா பௌபஜார் தெரு. ராமன் விளைவு பிடிபட்ட நாள். லேசர் இல்லை, கணினி இல்லை. திருச்சியில் பிறந்த ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் ஆகியோருக்கு அந்த நாட்களில் முக்கியமாகக் கைகொடுத்தவை வெயிலும், வண்ண வடிகட்டியும், சின்ன நிறமாலைகாட்டியும், சலிக்காத கண்களும். ஏறக்குறைய கோடி ஒளித்துகள்களில் ஒன்றே நிறம் மாறிச் சிதறும். அந்த ஒன்றைத்தான் அவர்கள் பிடித்தார்கள். உன் முன்னால் லேசரே நிற்கிறது, தம்பி! நீ ஏன் நடுங்குகிறாய்?

நீ எட்டாது என்கிற அந்த ராமன் கருவியின் நுண்ணோக்கியில் லேசர் புள்ளி ஒரு மைக்ரான் அளவுக்குக் குறுகும். திரும்பும் ஒளி ஓர் ஊசித்துளைக்குள் நுழைய வேண்டும். குவியத்துக்கு மேலிருந்தும் கீழிருந்தும் வருகிற ஒளியில் பெரும்பகுதி அங்கேயே தடுக்கப்படும். அதனால் ஒளி ஊடுருவும் பொருளை அறுக்காமலே அடுக்கடுக்காக உள்ளே பார்க்கலாம்.

முதலில் இழுபடாத, அமுங்காத சிலிக்கான் துண்டை வை. அதன் முகடு அலையெண் 520.7 செ.மீ⁻¹ அருகே நிற்கிறதா பார். நிற்காவிட்டால் கருவியைத் திருத்து. கருவி சரியான பிறகு, உன் சாம்பிளில் உள்ள சிலிக்கான் இழுபட்டால் முகடு கீழே நகரும், அமுங்கினால் மேலே ஏறும். கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்தை நீ எண்ணாகப் படிக்கிறாய்!

அடுத்து, கறுத்த மேக்னடைட் துகளை வை. லேசரைக் கூட்டினால் அது சூடேறி ஹேமடைட்டாக மாறிவிடும். வரைபடமோ கூசாமல் 'ஹேமடைட்' என்று காட்டும். உன் பொருளில் இல்லாத ஒன்றை உன் ஆய்வேடு இருப்பதாகச் சொல்லும். லேசரைக் குறைத்து, மீண்டும் மீண்டும் எடுத்து, முகடு நகர்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கே உண்மை தெரியும். பொட்டலம் அனுப்பியவனுக்கு எப்படித் தெரியும்? சந்தேகப்படும் உரிமையையே நீ தபாலில் அனுப்பிவிட்டாயே!

நாளைக் காலையே நெறியாளர் அறைக்குப் போ. "ஐயா, இந்தத் தடவை சாம்பிளோடு நானும் போகிறேன். லேசர் அளவை நான்தான் வைப்பேன்" என்று தலைநிமிர்ந்து சொல்.