ஆவியானவர் முந்திக்கொண்டார்



2009 ஆகஸ்ட் மாதம், மினியாபொலிஸ் நகரத்தில் அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் மாமன்றம் கூடியிருந்தது. நம்முடைய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைப் போலவே அதுவும் உலக லுத்தரன் கூட்டமைப்பைச் சேர்ந்த சபை. அதனால் அங்கே நடந்ததை யாருக்கோ நடந்தது என்று நான் பார்க்கவில்லை.

தன்பாலீர்ப்பு உள்ளவர் தனியாக வாழ்ந்தால் மட்டுமே போதகராக இருக்கலாம் என்பது அதுவரை இருந்த விதி. அதை மாற்றுவதா என்பதுதான் அந்த வாரத்தின் பெரிய கேள்வி. 19ஆம் தேதி ஒரு சுழற்காற்று நகரத்துக்குள் புகுந்து, மாமன்றம் நடந்த கட்டடத்தையும் அருகிலிருந்த சென்ட்ரல் லுத்தரன் ஆலயக் கோபுரத்தையும் சேதப்படுத்தியது. இது தேவனுடைய எச்சரிப்பு என்று அதே நகரத்துப் பாப்டிஸ்ட் போதகர் ஜான் பைப்பர் எழுதினார். அதே நாளில் மனிதப் பாலியல் பற்றிய சபையின் அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆதரவு 676, எதிர்ப்பு 338. துல்லியமாக மூன்றில் இரண்டு! ஒருவர் மனம் மாறியிருந்தாலும் தோற்றிருக்கும்.

காற்றைக் காட்டி ஒரு சாராரும், கணக்கைக் காட்டி மறுசாராரும் தேவசித்தம் இன்னதென்று சொல்லிவிடலாம். நான் இரண்டையும் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஓரேப் மலையில் எலியா காத்திருந்த கர்த்தர் காற்றில் வரவில்லை.

நான் திறப்பது அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தை. பேதுரு யோப்பாவிலிருந்து செசரியாவுக்குப் போகிறார், கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைகிறார். அவர் பேசி முடிப்பதற்கு முன்பே, விருத்தசேதனம் இல்லாத அந்தக் குடும்பத்தார்மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிடுகிறார். ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான். எருசலேமில் விசாரணை அதற்கும் பிறகு. தேவன் செய்து முடித்ததைச் சபை பின்னால் வந்து பார்க்கிறது. பேதுருவின் பெருமையெல்லாம், கண்டதை மறைக்காமல் சாட்சி சொன்னதில் இருக்கிறது.

சான்பிரான்சிஸ்கோவிலும் இப்படித்தான் நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். புனித பிரான்சிஸ், முதல் ஐக்கிய லுத்தரன் என்று அங்கே இரண்டு சபைகள். 1990 ஜனவரியில், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன மூவரைத் தங்கள் போதகர்களாக அழைத்துக் குருப்பட்டம் கொடுத்தன: ஜெஃப் ஜான்சன், ரூத் ஃப்ராஸ்ட், ஃபிலிஸ் சில்ஹார்ட். நம் மரபில் சபையின் அழைப்பு எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் திருச்சபை அந்த இரண்டு சபைகளையும் தண்டித்தது. 1995 முடிவில் வெளியேற்றியது. அவை தங்கள் அழைப்பைத் திரும்பப் பெறவில்லை. அந்தச் சபையாருடைய விசுவாசத்தை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது. பெரிய மாமன்றத்தின் வாக்குகளைவிட அவர்களைத்தான் நான் அதிகமாகத் தியானிக்கிறேன்.

2009 ஆகஸ்ட் 21ஆம் தேதி மினியாபொலிஸில் 559க்கு 451 என்ற கணக்கில் விதி மாறியது. வாழ்நாள் முழுவதும் ஒருவருக்கொருவர் உண்மையாயிருப்போம் என்று சபையறிய இணைந்து வாழ்கிறவர்கள் ஊழியம் செய்ய வழி திறந்தது. அப்படிப்பட்டவரை அழைத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சபையும் கட்டாயப்படுத்தப்படவில்லை. மனச்சாட்சி இடங்கொடாதவர்களுக்கும் இடம் வைத்தார்கள். அப்படியும் நூற்றுக்கணக்கான சபைகள் பிரிந்தன. 2010இல் வட அமெரிக்க லுத்தரன் சபை தனியாக உருவானது. போனவர்கள் வேதத்தை நேசிக்கிறவர்கள். அவர்களை நான் பகைவர்களாக நினைக்கவில்லை. அந்தப் பிரிவு எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் வலிக்கிறது என்பதற்காக, கொர்நேலியுவின் வீட்டுக்குப் பேதுரு போயிருக்கவே கூடாது என்று சொல்ல என்னால் முடியாது.

2010 ஜூலை 25, மறுபடியும் சான்பிரான்சிஸ்கோ. புனித மாற்கு லுத்தரன் ஆலயத்தில் ஏழு போதகர்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்து, திருச்சபை அவர்களைத் தன் போதகர்களாக ஏற்றுக்கொண்டது. ஜெஃப் ஜான்சன் அந்த எழுவரில் ஒருவர். அதற்குள் அவர் குருப்பட்டம் பெற்று இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன.